நாற்காலி இல்லாத பியானோ

ராக் இசையைப் பற்றி என்னிடம் பேச வருகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. எங்கேயோ கேள்விப்பட்டு, வழி விசாரித்து வந்து, "அந்தக் காலத்துலயே நீங்க நின்னுகிட்டு பியானோ வாசிச்சீங்களாமே" என்று கண்ணை விரித்துக்கொண்டு கேட்பார்கள். ஆமாம், வாசித்தேன். ஏன் நின்றேன் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. அது ஏதோ இளமைத் துடிப்பு, இசை வெறி என்று அவர்களே முடிவு செய்துகொண்டு வருகிறார்கள். தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவேன். இப்போது கை நடுக்கம் அதிகமாகிவிட்டதால், எழுத முடிகிறபோதே எழுதிவைக்கிறேன்.

இலங்கையின் மலைநாட்டில், தலவாக்கலையில் பஸ்ஸை விட்டிறங்கி மலையேறிப் போகவேண்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பள்ளிக்கூட வாத்தியார். பள்ளிக்கூடம் என்றதும் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். வேலைக்குப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்தில் தகரக்கூரை போட்ட ஓர் அறை. மழை பெய்தால் பாடம் நடத்த முடியாது, சத்தம் காதைப் பிளக்கும். அப்பாவும் அம்மாவும் மலையில் வேலை செய்தவர்கள். லயம் என்கிற வரிசை வீட்டில் பிறந்து மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்ததால் எனக்குக் காற்சட்டையும் கொஞ்சம் இங்கிலீஷும் கால் ஆர்மோனியமும் வாய்த்தன. காலால் மிதித்துக் காற்றடித்துக் கையால் வாசிக்கும் அந்தப் பெட்டியைத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் வாசித்து வந்தேன்.

எங்கள் மலையில் ஒரு பழக்கம் இருந்தது. தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் முன்னால் யாரும் உட்காரக் கூடாது. அவர் மோட்டார் சைக்கிளில் வந்தால் ரோட்டோரம் ஒதுங்கித் தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடிக்க வேண்டும். மழை கொட்டினாலும் குடையை மடக்க வேண்டும். கொழுந்து பறிப்பவருக்கும் இதுதான், கங்காணிக்கும் இதுதான், கங்காணிக்கும் மேலே வேலை பார்க்கும் கண்டாக்கையாவுக்கும் இதுதான். இதை யாரும் எழுதிவைக்கவில்லை. நாடு சுதந்திரம் அடைந்தது, அந்தக் கையோடு எங்கள் சனத்தின் வாக்குரிமை போனது. இந்தப் பழக்கம் மட்டும் எங்கேயும் போகவில்லை. தேவாலயத்தில் ஆர்மோனியத்தின் முன்னால் உட்காருகிற அந்த நேரம்தான், துரைமார் இருக்கும்போதே நான் உட்கார்ந்திருந்த நேரம். மிதிக்கிற பெட்டியை நின்றபடி இரண்டு காலாலும் மிதிக்க முடியாது என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

ஐம்பதுகளின் கடைசியில் எங்கள் தோட்டத்துக்குப் புதுச் சின்னத்துரை ஒருவன் வந்தான். சின்னத்துரை என்றால் பெரியதுரைக்கு அடுத்தவன். இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தவன், என் வயதுதான் இருக்கும். வாயால் அவனைத் துரை என்றுதான் சொன்னேன், அதற்குக் கூலி வாங்கினேன். எழுதும்போது அவன் என்றுதான் எழுதுவேன். துரைமார் தமிழ் படிப்பதற்கென்று ஒரு புத்தகம் உண்டு. அதில் அவன் எதைப் படித்தானோ தெரியாது. அவன் வாயிலிருந்து வந்ததெல்லாம் வா, போ, வெட்டு, தூக்கு, நில்லு என்பவைதான். நன்றி என்ற சொல் அவன் படித்த பக்கங்களில் இல்லை போலிருக்கிறது.

ஆனால் அவனுக்கு ஒரு கிறுக்கு இருந்தது. பெட்டி நிறைய இசைத்தட்டுகளைக் கொண்டு வந்திருந்தான். அமெரிக்காவிலிருந்து வந்த ராக் அண்ட் ரோல். பங்களாவில் அதைப் போட்டால் கீழே லயம் வரைக்கும் கேட்கும். துரைமார் கிளப்பில் ஒரு வாத்தியக் குழு தொடங்கினான். பக்கத்துத் தோட்டத்து வெள்ளைக்காரன் ஒருவன் டிரம் அடித்தான். ஹட்டன் ரயில்வேயில் வேலை பார்த்த, வெள்ளைக்காரக் கலப்பில் வந்த பறங்கியர் ஒருவர் கிற்றார் வாசித்தார். சின்னத்துரை பியானோ வாசித்துக்கொண்டே பாடுவான். பாடும்போது கை நின்றுவிடும், கை ஓடும்போது பாட்டு நின்றுவிடும். அப்படியொரு வித்துவான்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு, ஆட்கள் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, ஒரு பாமாலைப் பாட்டை அவனுடைய இசைத்தட்டு நடையில் வேகமாக வாசித்துப் பார்த்தேன். சும்மா ஒரு விளையாட்டு. அவன் வாசலில் நின்றிருக்கிறான். அடுத்த சனிக்கிழமை பின்னேரம் கிளப்புக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. என் பெண்சாதிக்குச் சந்தோஷம். "பியானோன்னா நல்லதுதானே, அந்த ஓட்டைப் பொட்டிய எத்தன நாளைக்கு மிதிப்பீங்க" என்றாள். எனக்கும் சந்தோஷம்தான். உண்மையான பியானோ ஒன்றை அதுவரை நான் தொட்டதில்லை.

சனிக்கிழமைகளில் துரைமார் பந்து விளையாடிவிட்டு, பின்னேரம் கிளப் மண்டபத்தில் துரைசாணிமாரோடு ஆடுவார்கள். நான் கோட்டுப் போட்டுக்கொண்டு பின்கதவால் போனேன். பியானோவின் முன்னால் தோல் வைத்துத் தைத்த முக்காலி ஒன்று இருந்தது. அதில் உட்காரப் போனேன். மண்டபத்தில் பேச்சு அடங்கிவிட்டது. ஒரு கிழட்டுத் துரை சின்னத்துரையைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். சின்னத்துரை கையைக் காட்டினான். கிளப்பின் அப்பு வந்து என் பின்னாலிருந்த முக்காலியைத் தூக்கினார். அப்பு என்றால் அங்கே பரிமாறுகிறவர்களுக்கெல்லாம் தலைவர், அவரும் நம் சனம்தான்.

"நில்லு. நின்னு வாசி" என்றான் சின்னத்துரை.

அப்பு முக்காலியை விராந்தைக்குக் கொண்டுபோகும்போது என் காதருகே, "கோவிச்சுக்காதீங்க வாத்தியாரே, நாங்களும் நின்னுகிட்டுத்தான் இருக்கோம்" என்றார். ஆறுதல் சொல்கிறாராம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைத்தான் முதலில் அறைந்திருப்பேன். கிற்றார்காரர் தன் நாற்காலியில் உட்கார்ந்து கம்பியைத் திருகிக்கொண்டிருந்தார். பறங்கியர் உட்காரலாம்.

நின்றுகொண்டு பியானோ வாசித்தவர்களுக்குத்தான் அந்தச் சித்திரவதை தெரியும். வலது காலை மிதியில் வைத்தால் உடம்புப் பாரம் முழுவதும் இடது காலில் இறங்கும். கட்டைகள் இடுப்புக்குக் கீழே கிடக்கும். குனிந்தால் முதுகு பிடிக்கும், நிமிர்ந்தால் கை எட்டாது. அதனால் இடது முழங்காலை மடக்குவேன், வலிக்கும்போது நீட்டுவேன், மறுபடி மடக்குவேன். தாளத்துக்கு ஏற்ப மடக்கினால் வலி கொஞ்சம் குறைவதைக் கண்டுபிடித்தேன். கைகள் உயரத்திலிருந்து விழுந்ததால் சத்தம் சம்மட்டி அடிபோல வந்தது. கோபமும் அதில் சேர்ந்துகொண்டது. மூன்றாவது பாட்டில் துரைசாணிமார் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னைச் சுற்றி நின்று பார்த்தார்கள். பிறகு கைதட்டினார்கள். என் முதுகு வலிக்குத்தான் கைதட்டுகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்கு அங்கேதான் வேலை. பக்கத்துக் கிளப்புகளிலிருந்தும் கேட்டார்கள். மஸ்கெலியாப் பக்கம் ஒரு கலியாணத்துக்குப் போனோம். எல்லா இடத்திலும் நின்றேன். எங்கே போனாலும் எங்களுக்கு முன்னமே அந்தப் பேச்சுப் போயிருக்கும். முக்காலி ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கும். போதகர் என்னைக் கூப்பிட்டு, சாத்தானின் சங்கீதத்தை வாசிக்கிற கை ஆராதனையில் வாசிப்பது சரியா என்று கேட்டார். அவரை அனுப்பிவைத்த சபைக்கு நன்கொடை கொடுக்கிறவர்கள்தான் அந்தச் சங்கீதத்துக்கு ஆடுகிறார்கள் என்று சொன்னேன். லயத்து இளவட்டங்கள் நான் போகும்போது ஒரு காலை மடக்கி நொண்டிக் காட்டினார்கள். அவர்களில் பாதிப் பேர் என்னிடம் அ, ஆ படித்தவர்கள்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்தப் பியானோவின் முன்னால் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். கைதட்டல் வேண்டாம், பெயர் வேண்டாம். மற்ற மனிதர்கள் பியானோ வாசிக்கிற மாதிரி, பிட்டத்தை ஓர் இடத்தில் வைத்து, முதுகை நிமிர்த்தி வாசிக்க வேண்டும். சிரிப்பாக இருக்கலாம். அந்த நாட்களில் எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சின்னத்துரையிடம் கேட்டேன். "துரை, இனிமேயாவது உக்காந்து வாசிக்கலாமுங்களா? இடுப்பு தாங்கலீங்க."

அவன் சிரித்தான். கிளப்பின் வழக்கத்தைத் தான் உண்டாக்கவில்லை என்றான், இங்கிலீஷில். வழக்கத்தை உண்டாக்காதவன் அதை எடுத்துவிடவும் மாட்டான் என்று புரிந்தது. அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற உட்காரலும் ஒருவகையில் நிற்பதுதான் என்று வீட்டில் வந்து பெண்சாதியிடம் சொன்னேன். அவள் என் இடுப்புக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, பெரிய பேச்சு மட்டும் குறைவில்லை என்றாள்.

சின்னத்துரை ஆராதனை இல்லாத நேரங்களில் தேவாலயத்துக்கு வர ஆரம்பித்தான். என்னை வாசிக்கச் சொல்லிப் பக்கத்திலிருந்து பார்ப்பான். இடது கை எங்கே விழுகிறது, வலது கை எப்போது எகிறுகிறது என்று பார்ப்பான். கற்றுக்கொடு என்று அவன் கேட்கவில்லை. வாசி என்று உத்தரவு போட்டான், அவ்வளவுதான். கொழுந்து நிறுக்கிறபோது தராசு முள்ளைப் பார்க்கிற மாதிரி என் விரல்களைப் பார்த்தான். பங்களாவில் பியானோ ஒன்று வாங்கிப் போட்டிருந்தான். அங்கே நிலைக்கண்ணாடிக்கு முன்னால் நின்றபடி வாசித்துப் பழகுகிறானென்று பங்களாவில் வேலை செய்த பெண் என் பெண்சாதியிடம் சொன்னாள். காலை மடக்கி, காலை நீட்டி. எனக்குக் கேட்கவே அருவருப்பாக இருந்தது. வலியில் இருப்பவனைப் போல நடித்துப் பழக எவனுக்காவது ஆசை வருமா?

நுவரெலியாவில் ஏப்ரல் மாதத்துக் கொண்டாட்டம் என்றால் கொழும்பிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். அந்த வருடம் ஒரு பெரிய மண்டபத்தில் எங்கள் குழுவுக்கு இடம் கிடைத்தது. நானும் சலவைக் கோட்டோடு போனேன். மேடையில் பியானோ இருந்தது. அதன் முன்னால் முக்காலியும் இருந்தது. இது வேறு ஊர், இங்கே அந்தப் பேச்சு எட்டவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

சின்னத்துரை வந்து என்னைக் கிற்றார் பெட்டிகளோடு வெளியே இருக்கச் சொன்னான். அன்று அவனே வாசிக்கப் போகிறானாம். வெளியே புல்தரையில் நின்று சன்னலால் பார்த்தேன். முதல் பாட்டை உட்கார்ந்து தொடங்கினான். பாதிப் பாட்டில் எழும்பி, அந்த முக்காலியைக் காலால் ஓர் உதை விட்டான். அது உருண்டு மேடையை விட்டு விழுந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. பிறகு ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, மேலேயிருந்து கையை விழ வைத்து, என் வாசிப்பை எனக்கே வாசித்துக் காட்டினான். அச்சு அசல். எனக்கு இல்லாத முக்காலி, அவன் உதைப்பதற்காகக் கொண்டுவரப்பட்டிருந்தது. மனிதரை வெறுப்பது பாவம் என்று ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். அன்றைக்கு அவனை மனதார வெறுத்தேன், அதில் எனக்குக் குற்றவுணர்வு எதுவும் இல்லை.

அதிகம் நாளாகவில்லை, தேயிலை தனக்குச் சரிவராது என்று வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு அவன் இங்கிலாந்துக்குப் போய்விட்டான். போகும்போது, காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் தோட்டம் முழுவதும் நின்று மாலை போட்டது. நான் பள்ளிக்கூடத்தைப் பூட்டிக்கொண்டு காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன்.

அவனோடு குழுவும் கலைந்தது. பிறகு அவனைப் பற்றிய செய்தியெல்லாம் கிற்றார்காரர் மூலமாகத்தான் வந்தது. ஹட்டனுக்குச் சாமான் வாங்கப் போனால் ஸ்டேசனில் அவரைப் பார்ப்பேன். சின்னத்துரை லண்டனில் ராக் குழுக்களுக்கு இசைத்தட்டுப் பதிவு செய்கிற இடங்களில் பியானோவும் மின்சார ஆர்கனும் வாசிக்கிறான் என்றார். அதற்கு செஷன் வாசிப்பு என்று பெயராம். குழுவில் சேர முடியாது. கூப்பிட்ட நாளைக்குப் போய், சொன்னதை வாசித்து, அன்றைய கூலியை வாங்கிக்கொண்டு வரவேண்டியது. இசைத்தட்டின் உறையில் பாடுகிறவர்கள் படம் இருக்கும், வாசித்தவன் பெயர் இருக்காது.

"அப்ப அவன் கூலியா?" என்று கேட்டேன்.

கிற்றார்காரர் தோளைக் குலுக்கி, அப்படியும் சொல்லலாம் என்றார். அன்று ஹட்டனிலிருந்து பஸ்ஸில் வரும் வழி முழுவதும் எனக்குள் சிரிப்பு அடங்கவில்லை. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் போடுவார்கள், கொழுந்து குறைந்தால் அரைப்பேர். எத்தனையோ பெண்களுக்கு அவன் அரைப்பேர் போட்டவன். அங்கே அவனுக்கு அதுவும் இல்லை. பக்கத்தில் இருந்த மனிதர் எனக்குச் சித்தசுவாதீனம் இல்லையென்று நினைத்திருப்பார்.

அந்தச் சிரிப்பும் நீடிக்கவில்லை. அடுத்த தடவை கிற்றார்காரர் ஓர் இங்கிலீஷ் சஞ்சிகையைக் காட்டினார். ஒரு குழுவோடு மேடையில் வாசிக்கப் போயிருக்கிறான். படத்தில் எல்லோருக்கும் பின்னால், ஒற்றைக்காலை மடக்கியபடி, முடி வளர்த்து நிற்கிறான். இப்படி நின்று வாசிப்பதை இலங்கையின் தேயிலை மலையில், தோட்டத்து மக்கள் திருவிழாவில் வெறியாடியதைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறான். நான் வெறியாடினேனாம். அதுவும் திருவிழாவில். வேதக்காரக் குடும்பத்தில் பிறந்து, காவடிக்குக்கூட வேடிக்கை பார்க்கப் போகாத நான். கிற்றார்காரர் சஞ்சிகையை எனக்கே தரப் பார்த்தார். வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

அறுபதுகளின் நடுப்பகுதியில் வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். எங்கள் ஆட்களையும் இந்தியாவுக்கு அனுப்பப் போவதாகப் பேச்சு வந்த நேரம் அது. லயத்தில் யார் போவது, யார் இருப்பது என்று அழுகையும் சண்டையுமாக இருந்தது. எங்கள் தோட்டத்துக்குக் கொழும்பிலிருந்து ஓர் இலங்கைத் துரை வந்தார். சிங்களவர், இங்கிலீஷில்தான் பேசுவார், சிரித்த முகம். பழைய பெரியதுரைக்குக் கிளப்பில் பிரியாவிடை வைக்கிறோம், பழைய குழு வாசிக்க வேண்டும் என்று ஆள் அனுப்பாமல் தானே பள்ளிக்கூடத்துக்கு வந்து கேட்டார்.

நான் பிள்ளைகள் முன்னாலேயே சொன்னேன். "வாறேங்க. ஆனா எனக்கு நாற்காலி வேணும். உக்காந்துதான் வாசிப்பேன்."

அவருக்கு விளங்கவில்லை. நாற்காலிக்கு என்ன, தாராளமாக உட்காரலாமே என்றார், ஏதோ தண்ணீர் கேட்டது போல. இத்தனை வருடம் என் இடுப்பைத் தின்ற விசயம், ஒரு தலையசைப்பில் முடிந்துவிட்டது. எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது. கொஞ்சம் தயங்கியாவது இருக்கலாம். வீட்டுக்கு வந்து சொன்னபோது பெண்சாதி, "ஒத்த நாற்காலிக்கா இவ்வளவு நாளாப் பொலம்புனீங்க?" என்று கேட்டுவிட்டு, என்னவோ நினைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோட்டை அவளே தேய்த்துக் கொடுத்தாள்.

சனிக்கிழமை பின்னேரம். முன்கதவால் போனேன். முக்காலி பியானோவின் முன்னால் இருந்தது. பழைய துரைமார் நாலைந்து பேர், புதிய துரைமார், அவர்களுடைய பெண்சாதிமார், கொழும்பிலிருந்து வந்த இளவட்டங்கள். சுவரோரம் அப்புவும் பரிமாறுகிற ஆட்களும் வரிசையாக நின்றார்கள். நான் கோட்டின் பின்பக்கத்தைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். பேச்சு எதுவும் அடங்கவில்லை, யாரும் கவனிக்கவே இல்லை. தோல் குளிர்ந்திருந்தது.

வாசிக்கத் தொடங்கினேன். வரவில்லை.

கைகள் உயரத்திலிருந்து விழுந்து பழகியவை. உட்கார்ந்ததும் முழங்கை விலாவில் இடித்தது. இடது கையின் கனம் எங்கேயோ போய்விட்டது. முழங்காலை மடக்கி நீட்டித்தான் தாளத்தைப் பிடித்து வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. மடக்க இப்போது இடமில்லை. கிற்றார் ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். ஆடியவர்கள் தடுமாறி நின்றார்கள். கொழும்பு இளவட்டம் ஒருவன் லண்டன்காரர்கள் மாதிரி எழும்பி நின்று வாசிக்கச் சொன்னான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இலங்கைத் துரை சிரித்தபடியே, நின்று வாசிப்பதுதானே உங்களுடைய பாணி என்றார். பழைய பெரியதுரை தன் கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிற்றார்காரர் என் பக்கம் சாய்ந்து, "எழும்புங்க மாஸ்டர், எழும்பினா சரியாகிடும்" என்றார் மெதுவாக.

சரியாகிவிடும் என்று எனக்கும் தெரியும். எழும்பி, வலது காலை மிதியில் வைத்து, இடது காலில் பாரத்தை இறக்கினால் போதும். அந்த மண்டபமே குதிக்கும். அவர்கள் என் உடம்பை அப்படிப் பழக்கி வைத்திருந்தார்கள். நான் உட்கார்ந்தே வாசித்தேன். அடுத்த பாட்டையும், அதற்கடுத்ததையும். அன்று நான் வாசித்ததுபோல மோசமாக அந்தக் கிளப்பில் யாரும் வாசித்திருக்க மாட்டார்கள். துரைமாரும் துரைசாணிமாரும் கிளாசை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக விராந்தைக்குப் போனார்கள். பாதிப் பாட்டில் கிற்றார்காரர் வாசிப்பதை நிறுத்தினார். கடைசியில் மண்டபத்தில் சுவரோரம் நின்ற ஆட்கள் மட்டும் இருந்தார்கள். அப்பு பரிமாறும் தட்டைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கால் வலித்திருக்கும்.

இருந்த பாட்டுகள் அத்தனையையும் முடித்தேன். பியானோவை மூடினேன். மூடிய பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு, யாரும் சொல்லாமல், எழும்பி வீட்டுக்குப் போனேன்.